உறை என்று ஒரு சீட்டு: தினம் ஒரு சொல்லில் குளிர்கால ஹைக்கூ

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கீழே இறங்கும். உள்ளே மடித்துப் போட்ட 30 துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல். காலையில் எழுந்ததும் ஒன்றை எடுப்பேன். அன்று இரவு படுப்பதற்குள் அந்தச் சொல்லை வைத்து ஒரு ஹைக்கூ எழுதிவிட வேண்டும். ஆறு மார்கழியாக இப்படித்தான் போகிறது. புதிதாக எழுத வருகிறவர்கள் "எதைப் பற்றி எழுதறது?" என்று கேட்டால் நான் அந்தப் பாட்டிலைத்தான் காட்டுவேன். அதை எப்படித் தயார் செய்வது, எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

சொல் கொடுத்து எழுதச் சொல்வது ஜப்பானில் வெகுகாலமாக இருக்கிற வழக்கம். அங்கே ஹைக்கூ எழுதுகிறவர்கள் ஒன்றாகக் கூடும் அமர்வுக்குக் குக்காய் என்று பெயர். கூட்டத்துக்கு முன்கூட்டியே கொடுத்து அனுப்பும் சொல் கெண்டாய். வந்து உட்கார்ந்த பிறகு அந்த இடத்திலேயே கொடுக்கிற சொல்லும் உண்டு. அதனால் "கொடுத்த சொல்லுக்கு எழுதினால் அது சொந்தக் கவிதையா?" என்ற தயக்கம் வேண்டாம். இந்த வடிவம் வளர்ந்ததே அப்படித்தான். ஹைக்கூ என்ற பெயரை 1890களில் நிலைக்கச் செய்தவர் மசோகா ஷிக்கி. அதற்கு முன் இதை ஹொக்கு என்பார்கள். தமிழுக்கு இதை அறிமுகம் செய்தவர் பாரதியார். 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி அவர் எழுதியபோது ஹொக்கு என்றே குறிப்பிட்டார்.

என் முதல் மார்கழியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சீட்டை எடுத்ததும் மேசையில் உட்கார்ந்து எழுதிவிடுவேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மாதம் முடிந்து எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தபோது பாதிக்கு மேல் பனித்துளி, கோலம், தனிமை. சொல் மாறியிருக்கிறது, கவிதை மாறவில்லை. தலைக்குள் ஏற்கெனவே இருந்த குளிர்காலத்தையே 30 முறை எழுதியிருக்கிறேன். வாசலுக்கு வெளியே இருந்த குளிர்காலம் ஒன்றில்கூட வரவில்லை. மறு வருடத்திலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். சீட்டை எடுத்ததும் எழுதக் கூடாது. அந்தச் சொல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அன்றைய பொழுதுக்குள் இறங்கிப் போக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வந்தவை.

முதலில் சீட்டுகள்

ஜப்பானிய ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்க வேண்டும். அதைக் கிகோ என்பார்கள். இந்தப் பருவச் சொற்களைத் தொகுத்து விளக்கமும் எடுத்துக்காட்டும் கொடுக்கும் நூல்வகைக்குச் சாய்ஜிகி என்று பெயர். அதில் ஒவ்வொரு பருவத்தின் சொற்களையும் ஏழு பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள்: காலம், வானம், நிலம், அன்றாட வாழ்க்கை, விழாக்கள், விலங்குகள், தாவரங்கள். இந்த ஏழு பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு சொல் எழுதினால் 28 வந்துவிடும். உட்கார்ந்து யோசித்தால் ஒரு மாலை வேலை.

ஜப்பானியப் பட்டியலைப் பெயர்த்து எழுத வேண்டாம். உங்கள் ஊரில் குளிர் எப்படி வருகிறதோ அதை எழுதுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் என் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். காலத்தில் மார்கழி, விடியல், நீண்ட இரவு. வானத்தில் வாடை, மூடுபனி, மழை முடிந்த பிறகு வரும் கழுவிவிட்ட வானம். நிலத்தில் அறுத்த வயல், நிரம்பிய கண்மாய், ஈரமான படிக்கட்டு. விழாவில் கார்த்திகை அகல், திருவாதிரைக் களி, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், போகிப் புகை. விலங்கில் வாலாட்டிக் குருவி, வலசை வந்த வாத்து, சாக்கின் மேல் சுருண்ட நாய். தாவரத்தில் டிசம்பர் பூ, மொச்சை, பனங்கிழங்கு, பூசணிப்பூ. டிசம்பர் பூவை விட்டுவிடாதீர்கள். தன் பருவத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் பூ அது. தமிழில் இதைவிட நேரான கிகோ எனக்குத் தெரிந்து இல்லை.

மிக அதிகமாகச் சொல் கிடைப்பது அன்றாட வாழ்க்கையில்தான். நான்கோடு நிறுத்த முடியாது. வெந்நீர், மங்கி குல்லா, கம்பளி, சுக்குக் காப்பி, குதிகால் வெடிப்பு, காலையில் சுத்தாத மின்விசிறி, ஸ்டார்ட் ஆகாத பழைய ஸ்கூட்டர், உறைந்த தேங்காய் எண்ணெய். இந்தச் சொற்களில் பல இதுவரை கவிதைக்குள் அதிகம் வந்ததில்லை. அதனாலேயே அவற்றில் ஈரம் காயாமல் இருக்கிறது.

28 சீட்டோடு பருவமே இல்லாத இரண்டு மூன்று சொல்லையும் போடுங்கள். சாவி, செருப்பு, கடிதம் மாதிரி. அவை ஏன் என்று பின்னால் வரும்.

பருவச் சொல்லோடு ஒரு மனநிலையும் கூடவே வரும் என்பது தமிழ் வாசகருக்குப் புது விஷயமே இல்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பள்ளியில் படித்தோமே, அந்த இடம்தான். குறிஞ்சி நிலத்துக்குக் கூதிர் என்ற குளிர்காலமும் முன்பனியும் என்று வகுத்தவர்கள் நம் ஆட்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஜப்பானின் மரபுவழி நாட்காட்டியில் குளிர்காலம் நவம்பர் 7 வாக்கில் தொடங்கி பிப்ரவரி 4 வாக்கில் முடியும். நம் ஐப்பசிக் கடைசியில் தொடங்கி தை முடியும் வரை கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

பனி என்ற சொல்லில் கவனம்

தமிழில் குளிர்கால ஹைக்கூ எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. நமக்குப் புல்லில் நிற்கும் துளியும் பனி, சாலையை மறைப்பதும் பனி, ஊட்டியில் காலையில் புல்வெளியை வெளுக்க வைப்பதும் பனி, கனடாவில் கொட்டுவதும் பனி. ஜப்பானிய மொழியில் இவை நான்கும் நான்கு சொற்கள். அதைவிட முக்கியம், அங்கே பனித்துளியும் மூடுபனியும் இலையுதிர்காலச் சொற்கள். பனிப்பொழிவும் உறைபனியும்தான் குளிர்காலத்துக்கு. ஜப்பானியக் கவிதையை மொழிபெயர்ப்பில் "பனி" என்று படிக்கும் நாம் துளியை நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் எழுதியிருப்பது ஆளை மூடும் ஆழத்துப் பொழிவை.

அதனால் "பனி" என்று சீட்டு எழுதாதீர்கள். எந்தப் பனி என்று எழுதுங்கள். திண்டுக்கல்லில் இருக்கிற நான் மூடுபனி என்று எழுதலாம், பனிப்பொழிவு என்று எழுதக் கூடாது, ஏனென்றால் அதில் நான் கால் வைத்ததில்லை. டொரன்டோவில் இருக்கிற தமிழர் காரின் மேல் கிடக்கும் பொழிவைச் சுரண்டுவதைத் தாராளமாக எழுத வேண்டும், அவர் தினமும் செய்கிற வேலை அது. 20 டிகிரிக்குக் காதை மூடிக்கொள்ளும் சென்னைக் குளிரும் குளிர்தான். அந்த உடம்புக்கு அது உண்மை.

காலையில் எடுங்கள், இரவில் எழுதுங்கள்

சீட்டை எடுத்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பையில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் செய்ய வேண்டியது மூன்று குறிப்பு எடுப்பது மட்டும். வாக்கியம் தேவையில்லை, அழகும் தேவையில்லை. பார்த்தது, கேட்டது, தொட்டது என்று இருந்தால் நல்லது. இரண்டு குறிப்பு எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை, ஒன்றாவது அந்தச் சொல்லுக்குரிய பொருளை நேரில் போய்ப் பார்த்ததாக இருக்க வேண்டும்.

ஒரு வருடம் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் "பனங்கிழங்கு" வந்தது. காலை ஏழு மணிக்குச் சந்தைப் பக்கம் போனேன். வேகவைத்த கிழங்கை ஒரு அலுமினியக் குண்டானில் அடுக்கி ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார் ஒரு வயதான அம்மா.

"கட்டு எவ்வளவும்மா?"

"நாப்பது ரூவாப்பா. சூடா இருக்கு, பாத்துப் பிடி."

நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். சுருக்குப்பையைத் திறப்பதற்கு முன் அவர் துணியை ஓரமாக விலக்கி, இரண்டு கையையும் ஆவியில் ஒரு நொடி காட்டினார். விரல் மரத்துப்போயிருந்தால் சில்லறை எடுக்க வராது, அதுதான் காரணம். அன்றைய கவிதை அங்கேயே கிடைத்துவிட்டது.

பனங்கிழங்கு ஆவி
சில்லறை எண்ணும் முன்
கை காட்டுகிறாள்

வீட்டில் உட்கார்ந்திருந்தால் கிழங்கின் நார், கிழங்கின் மணம், பனைமரத்தின் தியாகம் என்று ஏதாவது எழுதியிருப்பேன். அந்த ஒரு நொடி எனக்குத் தோன்றியே இருக்காது.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்குப் புசோன் நல்ல பாடம். 18ஆம் நூற்றாண்டு ஜப்பானியக் கவிஞர், ஓவியரும்கூட. குளிர்கால மரங்கள் பற்றிய அவருடைய கவிதை ஒன்றில் கோடரி மரத்தில் இறங்குகிறது, வந்த வாசனையில் வெட்டியவர் திடுக்கிடுகிறார். அவ்வளவுதான். இலையில்லாத மரம் பார்க்கச் செத்தது மாதிரி இருக்கும். உள்ளே உயிர் இருப்பதை மூக்குதான் கண்டுபிடிக்கிறது. ஓவியம் வரைகிறவர், கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

இன்னொரு பாதியைத் தேடுங்கள்

கொடுத்த சொல் கவிதையில் பாதி. மீதிப் பாதி வேறு ஏதோ ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு இடைவெளி விடுவதுதான் ஹைக்கூவின் வேலைப்பாடு. ஜப்பானிய மொழியில் அந்த இடைவெளியைக் காட்ட யா, கனா, கெரி போன்ற வெட்டுச்சொற்கள் இருக்கின்றன. கிரெஜி என்பார்கள். தமிழில் அதற்குத் தனிச்சொல் தேவைப்படுவதில்லை. வினையே இல்லாமல் ஒரு பெயர்ச்சொல்லோடு வரியை நிறுத்தினால் போதும், வெட்டு விழுந்துவிடும். "வாடைக் காற்று" என்று நிறுத்திப் பாருங்கள். வாசகர் தானாகவே ஒரு மூச்சு விடுவார்.

பருவமில்லாத சீட்டுகள் இங்கேதான் உதவும். "சாவி" என்று வந்தால் அது குளிர்காலச் சொல் இல்லை. குளிர்காலத்தை நீங்கள்தான் கொண்டுவந்து பக்கத்தில் வைக்க வேண்டும்.

வாடைக் காற்று
விற்ற வீட்டின் சாவி
இன்னும் பையில்

காற்றுக்கும் சாவிக்கும் என்ன தொடர்பு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கவிதை செத்துவிடும். ஆனால் தொடர்பு இருக்க வேண்டும். வாடைக்குப் பதில் "மாம்பழ வாசம்" என்று போட்டால் வேறு கவிதை ஆகிவிடுகிறது அல்லவா? அப்படியென்றால் பருவச் சொல் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றினால் இரண்டாம் பாதி இன்னும் கிடைக்கவில்லை.

ஒரே கவிதையை நான்கு முறை எழுதியது

தலைப்பில் சொன்ன சீட்டுக்கு வருகிறேன். "உறை" என்ற சொல்லை எப்போது யார் எழுதிப் போட்டார்கள் என்று நினைவில்லை. தமிழில் இந்த இரண்டெழுத்துக்குள் எத்தனை இருக்கிறது பாருங்கள். நீர் உறைகிறது. பால் உறைகிறது, அதற்கு உறை ஊற்ற வேண்டும். தலையணைக்கு உறை, கைக்கு உறை, கடிதத்துக்கு உறை, கத்திக்கு உறை. ஓர் ஊரில் வாழ்வதும் உறைவதுதான். இப்படிப் பல பொருள் உள்ள சொல் வரும் நாளில் முதலில் மனதில் வந்த பொருளை எடுக்காமல் எல்லாவற்றையும் குறிப்பேட்டின் மேல் எழுதிவிடுங்கள். அப்புறம் பகலில் எது எதிரில் வருகிறதோ அதைப் பிடியுங்கள்.

முதலில் என் கை தானாக எழுதியது இது:

மார்கழிக் குளிரில்
எல்லாம் உறைந்துவிட்டது
என் மனம் போல

இதில் எதுவும் உண்மையில்லை. எங்கள் ஊரில் மார்கழியில் எல்லாம் உறைவதில்லை. என் மனமும் அன்று நன்றாகத்தான் இருந்தது. "போல" வந்ததும் கவிதை என்னைப் பற்றியதாக மாறிவிட்டது, குளிர் அலங்காரமாகப் போய்விட்டது.

சரி, எங்கள் ஊரில் உண்மையில் எது உறைகிறது? குளியலறை அலமாரியில் தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது கட்டியாகிவிடும். எங்கள் ஊர்க் குளிரை அளக்க அந்தப் புட்டியே போதும். அன்று காலை அது வெள்ளையாக இருந்தது, என் மனைவி எடுத்துத் திண்ணையில் வைத்தாள். இரண்டாவது:

தேங்காய் எண்ணெய் உறைந்ததால்
வெயிலில் கொண்டுபோய் வைத்தாள்
என் மனைவி

இது உண்மை. ஆனால் செய்தி. "உறைந்ததால்" என்ற அந்த "ஆல்" காரணத்தைச் சொல்லிவிடுகிறது, வாசகர் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஹைக்கூவில் ஆல், எனவே, ஆனால் எது வந்தாலும் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். மூன்றாவதில் ஆளை எடுத்துவிட்டேன்:

உறைந்த எண்ணெய்ப் புட்டி
திண்ணையில்
மெல்ல உருகுகிறது

பரவாயில்லை. அமைதியாக இருக்கிறது. ஆனால் ஒரே பொருள்தான், இரண்டாம் பாதி இல்லை. உருகுகிறது என்று சொல்லவும் வேண்டாம், வெயிலில் வைத்தால் உருகும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து மணிக்குத் திரும்பவும் போய்ப் பார்த்தேன். புட்டி அங்கேயே இருந்தது. அதன் பக்கத்தில், வெயில் விழுந்த அதே சதுரத்துக்குள், எங்கள் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

உறைந்த எண்ணெய்ப் புட்டி
வெயில் விழும் திண்ணையில்
பக்கத்தில் பாட்டி

இதற்கு மேல் நான் தொடவில்லை. பாட்டியின் முழங்கால், வயது, குளிர், அவர் மெல்ல இளகுவது, எதுவும் வரியில் இல்லை. படிக்கிறவர் மனதில் வருகிறது. நாலாவது வரைவுக்கு வந்தது என் திறமையால் என்று சொல்ல மாட்டேன். பத்து மணிக்கு இரண்டாம் முறை வெளியே போனதால் வந்தது.

அடுத்த வருடம் அதே சீட்டு திரும்ப வந்தது. அப்போது பால்தான் கண்ணில் பட்டது. குளிரில் தயிர் உறைய நேரமாகும். கொஞ்சம் கூடுதலாக உறைமோர் ஊற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாலும் சில நாள் பாலாகவே நிற்கும்.

விடிந்தும் உறையாத பால்
தெருவில் இன்னும்
விளக்கு எரிகிறது

5-7-5 பற்றி

ஜப்பானிய ஹைக்கூவில் 5, 7, 5 என்று 17 ஒலியலகுகள். அவை நம் எழுத்தும் அல்ல, அசையும் அல்ல. நெடிலை இரண்டாக எண்ணும் முறை என்பதால் நம் மாத்திரைக்குத்தான் ஓரளவு பக்கம். தமிழில் 17 எழுத்து என்று எண்ணி அடைத்தால் சொற்களை நசுக்க வேண்டியிருக்கும். புதிதாக எழுதுகிறவர்கள் எண்ண வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று வரி, ஆறிலிருந்து பத்துச் சொல், ஒரே மூச்சில் படிக்க முடிய வேண்டும். இது போதும்.

திருத்தும்போது பார்க்க வேண்டியவை

எழுதியதை மறுநாள் காலையில், புதுச் சீட்டை எடுப்பதற்கு முன், வாய்விட்டுப் படியுங்கள். இரவில் நன்றாகத் தெரிந்தது காலையில் தெரியாது.

முதலில் பருவச் சொற்களை எண்ணுங்கள். மார்கழி, பனி, கோலம், பூசணிப்பூ நான்கும் ஒரே கவிதையில் இருந்தால் நான்கும் ஒன்றையே சொல்கின்றன. பூசணிப்பூ என்றாலே மற்ற மூன்றும் வந்துவிட்டன. ஜப்பானிலும் ஒரு கவிதையில் இரண்டு கிகோ வருவதைப் பொதுவாகத் தவிர்க்கத்தான் சொல்வார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுங்கள். காலியான இடத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான் நீங்கள் தேடிய இரண்டாம் பாதி.

அப்புறம் உணர்ச்சியின் பெயர்கள். தனிமை, சோகம், ஏக்கம், மௌனம். இவற்றில் எது இருந்தாலும் அடித்துவிட்டு, அந்த உணர்ச்சி எந்தப் பொருளைப் பார்த்து வந்தது என்று கேளுங்கள். அந்தப் பொருளை எழுதுங்கள்.

கடைசி வரித் திருப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் ஹைக்கூ என்றால் மூன்றாவது வரியில் ஒரு அடி விழ வேண்டும் என்ற பழக்கம் ஊறிவிட்டது. அப்படிப்பட்ட நல்ல கவிதைகளும் இருக்கின்றன. ஆனால் தினம் ஒரு சொல்லுக்கு எழுதும்போது அது ஒரு தந்திரமாகக் கைக்குப் பழகிவிடும், பத்தாவது நாளில் எல்லாக் கவிதையும் ஒரே மாதிரி சொடுக்கும். குளிர்காலத்துக்கு அது பொருந்தவும் இல்லை. மூன்றாவது வரியை முதல் வரியாக மாற்றிப் படித்துப் பாருங்கள். அப்போதும் கவிதை நிற்கிறது என்றால் அதில் பார்வை இருக்கிறது.

இன்னொன்று, கொடுத்த சொல் கவிதையில் அப்படியே இருந்தாக வேண்டுமா? எங்கள் வீட்டு விதிப்படி முதல் மாதம் இருக்க வேண்டும். பழகிய பிறகு, சொல் உங்களை ஓரிடத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டால் சொல்லை எடுத்துவிடலாம். "கம்பளி" என்ற சீட்டை வைத்துக்கொண்டு அலைந்த ஒரு நாளில், ஏடிஎம் வாசலில் காவலாளி மடக்கு நாற்காலியை வெயில் நகர நகர நகர்த்திக்கொண்டிருந்ததை எழுதினேன். கம்பளி எங்கேயும் இல்லை.

வெளியே போக முடியாத நாள்

காய்ச்சல், ஆபீஸ், குழந்தைக்குப் பரீட்சை என்று ஏதாவது வரும். அன்று நிறுத்திவிட வேண்டாம். ஷிக்கி முதுகெலும்புக் காசநோயால் வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், 1902இல் 34 வயதில் இறந்துபோனார். கண்ணால் கண்டதை உள்ளபடி வரைவதுபோல எழுத வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். 1896இல் வெளியே பனி பொழிந்தபோது அவரால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. பனி எவ்வளவு ஆழம் விழுந்திருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன், இதுதான் அந்தக் கவிதை முழுவதும். பனியின் வெண்மை இல்லை, அழகு இல்லை. கேள்வி மட்டும். படுத்த இடத்திலிருந்து அவருக்கு உண்மையில் கிடைத்தது அதுதான், அதை எழுதினார். நான் ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு தடவையாவது இந்தக் கவிதைக்குத் திரும்பிப் போகிறேன்.

ஆகவே படுத்த நாளில் போர்வைக்குள் கேட்கும் சத்தத்தை எழுதுங்கள். பக்கத்து வீட்டு மிக்சி, இருமல், வெந்நீர் கொதிக்கும் ஒலி. இருமலும் சளியும் ஜப்பானில் குளிர்காலக் கிகோவாகவே பட்டியலில் இருக்கின்றன.

எதுவும் வரவில்லை என்றால் மூன்று குறிப்பை மட்டும் தேதி போட்டு வைத்துவிட்டுத் தூங்குங்கள். இரண்டு நாள் கவிதையை ஒரே நாளில் எழுதிக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டாம். அந்த நாளின் குளிர் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர்

தனியாக எழுதுவது ஒரு வாரம் நன்றாக ஓடும். அதன்பிறகு நம் குறை நமக்குத் தெரியாது. மூன்று நான்கு பேர் கிடைத்தால் குக்காயின் நடைமுறையைச் சின்ன அளவில் செய்து பாருங்கள். எல்லோருக்கும் ஒரே சொல். ஆளுக்கு இரண்டு கவிதை, பெயர் இல்லாமல் துண்டுச் சீட்டில். எல்லாவற்றையும் கலக்கி, ஒருவர் ஒரே கையெழுத்தில் ஒரு தாளில் படியெடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த இரண்டைத் தேர்ந்து, அவரவர் தேர்ந்ததை உரக்கப் படிக்க வேண்டும். தன்னுடையதைத் தானே தேர்ந்தெடுக்கக் கூடாது. பேசி முடித்த பிறகுதான் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

பெயர் தெரியாததில்தான் இதன் நன்மை இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் உண்டு, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருமுறை "குல்லா" என்ற சொல்லுக்கு எழுதியபோது அவர் தேர்ந்து படித்தது இது:

வாங்கி வந்த குல்லா
அப்பா தலையில்
விலைச்சீட்டோடு

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருங்க எழுதினது?" என்று கேட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், தன் அக்காவோடு துணைக்கு வந்தவள், மெதுவாகக் கையைத் தூக்கினாள். அது அவள் எழுதிய இரண்டாவது ஹைக்கூ. "ஐயா, அப்பா இன்னும் அதைக் கிழிக்கவே இல்ல" என்றாள்.

பாட்டில் தயாராகும் வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காக என் சீட்டுகளிலிருந்து முதல் வாரத்துக்கு ஏழு சொல் தருகிறேன். திங்கள், வெந்நீர். செவ்வாய், வாலாட்டி. புதன், படிக்கட்டு. வியாழன், மொச்சை. வெள்ளி, குதிகால். சனி, மூடுபனி. ஞாயிறு, உறை. எட்டாவது சீட்டில் என்ன எழுதுவது என்பது நாளைக் காலை ஆறு மணிக்கு வாசல் கதவைத் திறக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.